பொய்ச்சொல்லும் தமிழாக ஒலிக்க வேண்டும்

'எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் பொய்ச்சொல் கிடைத்துவிடும்' என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பொய்ச்சொல் என்பது மொழிச் சோதனைகளுக்காக இட்டுக்கட்டும் பொருளற்ற சொல். திரையில் தெரிவது சொல்லா இல்லையா என்று சட்டென முடிவு செய்யும் சோதனையில் 'ழ்டகப்' என்று காட்டினால் யார் தயங்குவார்கள்? தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய்யில் சொல் முடியாது. மனத்திலுள்ள சொற்களைத் தேடும் முன்பே கண் அதைத் தள்ளிவிடும். பிறகு அங்கே அளப்பதுதான் என்ன?

'மெழுகு' என்ற சொல்லில் ஓரெழுத்தை மாற்றி 'பெழுகு' என்றால் எழுத்துப்பிழை என்று நினைத்துவிடுவார்கள். 'பளம்' இன்னும் சிக்கல். பேச்சில் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பவர்கள் ஏராளம்; மனத்துக்குள் உச்சரித்ததும் அது பழமாகிவிடும். இப்படி உண்மைச் சொல்லாகவே ஒலிக்கும் பொய்ச்சொற்களை மறுக்க அதிக நேரம் பிடிக்கிறது என்பது ஆங்கில ஆய்வுகளில் எப்போதோ தெரிந்த விஷயம்.

நல்ல பொய்ச்சொல் என்ன செய்யும் என்பதற்கு மொழி உளவியலாளர் ஜீன் பெர்கோ, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் நடத்தி 1958இல் வெளியிட்ட ஆய்வே போதும். படத்திலிருந்த கற்பனை உயிருக்கு 'வக்' என்று பெயர் வைத்தார். அடுத்த படத்தில் அது இரண்டானதும் பிள்ளைகள் தாங்களே பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். கேட்டே இராத சொல் என்பதால் அது மனப்பாடமாக இருக்க வழியில்லை.

தமிழில் இது இன்னும் சுவையானது (எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான்). 'தெமம்' என்று கொடுத்துப் பாருங்கள். பன்மைக்குத் 'தெமங்கள்', வேற்றுமைக்குத் 'தெமத்தை': ஒரே மகரம் இரண்டு விதமாக மாற வேண்டும். ஒரு குழந்தை எந்த வயதில் எதை முதலில் பிடிக்கிறது என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே கேட்டுப் பார்க்கலாம்.