முழுக்கக் கேட்டீர்களா?

இங்கே யாழ்ப்பாணத்தில் ஐந்து பேர் ஒரு கூட்டத்தில் வெளியிட்ட, ஆண்டின் சிறந்த பத்து அல்பங்களின் பட்டியலைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாளாக அடக்கிக்கொண்டிருந்தேன். நேற்றிரவு ஒரு தம்பி உள்பெட்டியில் வந்து, "அண்ணை, நீங்கள் கூட்டத்தில கத்தினது சரியில்லை" என்று எழுதியிருந்தார். சரி, அப்படியென்றால் எழுதியே விடுகிறேன். நான் கத்தவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். இந்தப் பத்து அல்பங்களையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டீர்களா?

என்ன பதில் வந்தது என்பது அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். "எல்லாத்திலயும் ரெண்டு மூண்டு பாட்டுக் கேட்டனாங்கள் அண்ணை."

ரெண்டு மூன்று பாட்டு. அதை வைத்துக்கொண்டு 'ஆண்டின் சிறந்த பத்து இசை அல்பங்கள், எல்லா வகைகளிலிருந்தும்' என்று பதாகை அடித்து மேடையின் பின்னால் கட்டியிருந்தீர்கள். பத்தில் ஒன்பது படப்பாட்டு. பத்தாவது அல்பமே இல்லை, ஒரு தனிப்பாட்டு. எல்லா வகைகளிலிருந்தும் என்று நான் எழுதவில்லை, நீங்கள்தான் எழுதினீர்கள்.

படப்பாட்டை நான் இழிவாகச் சொல்வதாக யாரும் தொடங்க வேண்டாம். ரஹ்மானையும் சந்தோஷ் நாராயணனையும் நான் கேட்காத வாரம் இல்லை. ஆனால் இப்போது படப்பாட்டு எப்படி வருகிறது? படம் வருவதற்கு ரெண்டு மாதம் முன்னால் ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று தனித்தனியாக விடுகிறார்கள். அதில் நல்ல பாட்டு உண்டு, மிக நல்ல பாட்டும் உண்டு. ஆனால் அல்பம் என்பது நாலு நல்ல பாட்டு மட்டும் இல்லை. முதலாவது ஏன் முதலாவதாக இருக்கிறது, ஆறாவது ஏன் ஐந்தாவதுக்குப் பிறகு வருகிறது என்று ஒருவர் யோசித்து அடுக்கியிருப்பார். அந்த அடுக்கைக் கேட்காமல் அல்பத்துக்கு எப்படி இலக்கம் போடுவது? ஒடியல் கூழில் மேலால் நிற்கும் தண்ணியை மட்டும் குடித்துவிட்டுக் கூழ் எப்படி என்று சொல்ல முடியுமா? நண்டும் பயற்றங்காயும் அடியில் கிடக்கிறது.

எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, போர்க்காலத்தில், இங்கே கரண்ட் இருக்கவில்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். அண்ணாவிடம் ஒரு சின்ன கசெற் பிளேயர் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் குந்தியிருந்து கேட்போம். சுற்றுவது பெரும்பாலும் நான். கை களைத்தால் வயலின் தொய்ந்து அழும், "சுத்தடா" என்று சத்தம் வரும். வேகமாகச் சுற்றினால் வயலின் கீச்சிடும். ஒரே அளவில் சுற்றப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அப்படிக் கேட்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்தது, படத்துக்காகச் செய்யாதது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கை என்று சொல்லிச் செய்தது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். வீட்டில் மிஞ்சியிருந்த நாலைந்து கசெற்றுகளில் அதுவும் ஒன்று. பிடிக்காத இடத்தைத் தாண்டி ஓட்டுவதற்கு அண்ணா விடமாட்டார். ஓட்டினால் நாடா சிக்கும், சிக்கி அறுந்தால் வேறு கசெற் வாங்க வழியில்லை. அதனால் ஒரு பக்கம் முடியும் வரை கேட்டே ஆக வேண்டும். முதலில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பத்தாம் தடவையோ பதினைந்தாம் தடவையோ, ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னமே அதன் முதல் சுரம் என் காதுக்குள் வந்துவிட்டது. அல்பம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். ஸ்பொட்டிஃபையில் கோடிப் பாட்டு வைத்திருக்கிற உங்களுக்கு ஒரு அல்பத்தை முடிவு வரை கேட்கப் பொறுமை இல்லை என்றால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

"ரசனை அவரவர்க்கு" என்று ஒருவர் கீழே எழுதப் போகிறார். ஓம், அவரவர்க்கு. நான் ரசனையைப் பற்றிக் கதைக்கவே இல்லை, கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.

"நேரம் எங்கே?" என்று இன்னொருவர். கணக்குப் பார்ப்போம். ஒரு அல்பம் 45 நிமிடம் என்று வையுங்கள். அறுபது அல்பங்கள் கேட்டாலும் 45 மணித்தியாலம். ஆண்டு முழுவதற்கும் பிரித்தால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம்கூட வராது. அதுவும் முடியாது என்றால் 'எங்களுக்குப் பிடித்த பாட்டுகள்' என்று போட்டிருக்கலாம். நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நியூயோர்க்கில் 'வில்லேஜ் வொய்ஸ்' என்ற பத்திரிகை எழுபதுகளிலிருந்து விமர்சகர்களிடம் ஆண்டு வாக்கெடுப்பு நடத்தியது. ஒவ்வொருவர் கையிலும் 100 புள்ளி. பத்து அல்பங்களுக்குப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு 30க்கு மேல் கொடுக்கக் கூடாது, 5க்குக் குறைக்கவும் கூடாது. யார் எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை வாசகரும் பார்க்க முடிந்தது. இங்கே ஐந்து பேர் மேடையில் இருந்தீர்கள், யார் எதைத் தெரிவுசெய்தீர்கள் என்று கடைசி வரை சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர் எல்லாம் சரியாகச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிரித்தானியாவில் அல்பங்களுக்குக் கொடுக்கும் மேர்க்குரி பரிசும் எல்லா வகைக்கும் என்றுதான் 1992இல் தொடங்கியது. ஒரு ஜாஸ் குழு அதை வெல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, எஸ்ரா கலெக்டிவ். ஆனால் அந்தப் பரிசின் பன்னிரண்டு பேர் இறுதிப் பட்டியலில் ஜாஸ் அல்பம் ஒன்று அடிக்கடி இருக்கும். ஆகக் குறைந்தது யாரோ ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார்.

"யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு உலக இசை எதுக்கு?" இந்தக் கேள்வி அன்று மண்டபத்திலேயே வந்தது, பின்வரிசையிலிருந்து. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் சின்ன வயதில் வாழ்ந்த ஊர் இது. தகப்பன் பெயரில் 2005இல் 'அருளர்' என்ற அல்பம், தாய் பெயரில் 2007இல் 'கலா'. அந்தக் 'கலா'வை அந்த ஆண்டின் சிறந்த அல்பம் என்று அமெரிக்க இசைச் சஞ்சிகை 'ரோலிங் ஸ்டோன்' முதலிடத்தில் வைத்தது. அதில் அதிர்வது சென்னையில் பதிவுசெய்த உறுமி மேளம். இங்கே பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் 2021இல் 'மேட் இன் ஜாஃப்னா' என்றே ஒரு ராப் அல்பம் போட்டார். சுவிஸில் வளர்ந்த பிரியா ராகு 2023இல் போட்ட அல்பத்தின் பெயர் 'சந்தோசம்', அவருக்கு இசை செய்யும் தமையன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜாஃப்னா கோல்ட். இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த 'சக்தி' குழுவின் முதல் வயலின்காரர் எல். சங்கருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் இசை படிப்பித்தவர், 1958 கலவரத்துக்குப் பிறகுதான் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. அந்தச் 'சக்தி' 2024இல் கிராமி வாங்கியது. எங்கள் ஊரை அவர்கள் உலகம் முழுக்கக் கொண்டுபோகிறார்கள். நாங்களோ உலக இசை எதற்கு என்று கேட்கிறோம்.

2025ஆம் ஆண்டையே எடுங்கள். ஜனவரியில் புவேர்ட்டோ ரிக்கோப் பாடகர் பாட் பன்னி தன் தீவின் பிளேனா மேளத்தையும் சல்சாவையும் எடுத்து ஒரு அல்பம் செய்தார். முழுக்க ஸ்பானிஷ். எனக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் ஊரைவிட்டுப் போனவர்களின் ஏக்கம் விளங்கியது, அதை விளங்க எங்களுக்கு அகராதி வேண்டுமா? நவம்பரில் ஸ்பெயின் பாடகி ரோசலியாவின் 'லக்ஸ்' வந்தது, லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு, பதின்மூன்று மொழிகளில். இவை உங்கள் பட்டியலில் வர வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. கேட்டுவிட்டுத் தள்ளியிருந்தால் தலைவணங்கியிருப்பேன்.

"நீங்கள் எல்லாம் கேட்டனீங்களோ?" இல்லை. மெட்டல் இசை எனக்குப் பழக்கமில்லை, அதனால் மெட்டலைப் பற்றி நான் பட்டியல் போடுவதும் இல்லை.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருகிறேன். இணுவிலில் நாலு பெடியள் சேர்ந்து ஒரு நாதஸ்வர இறுவட்டு வெளியிட்டார்கள். 52 நிமிடம். அதை நான் முன்மொழிந்தபோது மேடையில் இருந்த ஒருவர், "அது கோயில் மேளம் அண்ணை, அல்பம் எண்டு சொல்லேலாது" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

கோயில் மேளம். சுவாமி வெளியே எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. வீதி சுற்றும்போது ஆலாபனை, கீர்த்தனை, தனித்தவில். திரும்பி வந்தால் ஊஞ்சல், பராக்கு, எச்சரிக்கை, லாலி, மங்களம். எதற்குப் பிறகு எது என்று எங்கள் ஊர் மேளக்காரர் தலைமுறை தலைமுறையாக அடுக்கி வைத்த ஒழுங்கு அது. அல்பம் என்றால் ஒழுங்கு என்று நான் மேலே எழுதினேனே, எங்கள் வீதிகளில் இருப்பதைவிட நல்ல ஒழுங்கு எங்கே இருக்கிறது? தவில் தட்சிணாமூர்த்தி பிறந்த இணுவில் அது. அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரம் வாசித்த மண் இது. இங்கேயே மேளம் இசை இல்லை என்றால் வேறு எங்கே போய்ச் சொல்வது?

"உங்கடை ஆக்கள் எண்டபடியாலதானே கதைக்கிறியள்" என்றும் சொல்வீர்கள். ஓம், தெரிந்தவர்கள்தான். அந்த ஒலிப்பதிவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். திருவிழாக் காலம், பகலில் யாருக்கும் ஓய்வில்லை, இரவு பதினொரு மணிக்குத்தான் தொடங்க முடிந்தது. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தார்கள். தவில் சத்தம் மைக்கை நிறைத்துவிடுகிறது என்று தவில்காரரை வெளி விறாந்தையில் இருத்தி, கதவை ஒரு சாண் திறந்து வைத்தார்கள். அவர் எழுபதைத் தாண்டியவர். விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, கதவு இடுக்கால் நாதஸ்வரக்காரரின் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தார். மூச்சு எடுக்கும் இடம் அப்படித்தான் தெரியுமாம். நாய் குரைத்து ரெண்டு தடவை கெட்டுப்போனது. மூன்றாம் தடவையும் முதலிலிருந்து அடித்தார். விடியப்புறம் கூட்டைக் கழற்றியபோது சின்னவிரலில் இரத்தம் கசிந்திருந்தது. துடைத்துவிட்டு, "இப்ப போட்டுக் காட்டு, முழுக்கக் கேப்பம்" என்றார். 52 நிமிடமும் சாய்ந்துகூட இருக்காமல் கேட்டார்.

நேற்றுக் காலை சந்தையடியில் அவரைக் கண்டேன். பட்டியல் வந்ததாமே என்று கேட்டார். வந்தது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஐந்து பேருக்கும் சொல்கிறேன். உங்களில் மூன்று பேரைச் சின்னனில் இருந்து தெரியும், உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, மனவருத்தம்தான். வருகிற ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு என் வீட்டு விறாந்தையில் அந்த இறுவட்டைப் போடுகிறேன். மல்லாரியில் தொடங்கி மங்களம் வரைக்கும், இடையில் நிறுத்தாமல். அவரும் வருகிறேன் என்றிருக்கிறார். நீங்களும் வாருங்கள். கேட்டு முடித்த பிறகு அது அல்பம் இல்லை என்று தோன்றினால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.