எந்த விக்டோரியா, ஐயா?

காலையில் காபியோடு பேப்பரை விரித்தால் விக்டோரியா மண்டபம் பற்றி அரைப்பக்கக் கட்டுரை. எழுதியிருப்பது ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில், சிஷோம் வடிவமைத்த செங்கல் மண்டபத்தைப் பற்றி. போட்ட படமோ எழும்பூர் அருங்காட்சியகத்தில் இர்வின் வடிவமைத்த இளஞ்சிவப்புக் கல் கட்டடம்! அதுவும் விக்டோரியாதான், ஆனால் வேறு விக்டோரியா. ஆட்டோ பிடித்து ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

சரி, தொலையட்டும் என்று கீழே வந்தால், 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையும் ‘இந்தோ சாரசெனிக்’காம், அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைகளைக் கலந்த பாணியாம். அந்த வெள்ளைக் கிரேக்கத் தூண்கள் கண்ணில் படவே இல்லையா? சென்னையில் கொஞ்சம் பழசாக இருந்தாலே அந்த முத்திரைதான்.

அப்புறம், மண்டபத்தைக் கட்டிய நம்பெருமாள் செட்டியார்? மருந்துக்குக்கூட அவர் பெயர் இல்லை. காபிதான் ஆறியது.