அட்வான்ஸ் வாங்குவீர்கள், ஆணி அடிக்க விடமாட்டீர்கள்

"வாடகைக்குக் கொட்டுகிற காசில் ஒரு ஃப்ளாட் வாங்கி இ.எம்.ஐ. கட்டலாமே தம்பி" என்று இனி யாராவது சொல்லட்டும், கணக்கைப் போட்டுக் காட்டாமல் விடப்போவதில்லை. சென்னை வேளச்சேரியில் நான் மாதம் 18,000 ரூபாய் வாடகை கொடுக்கிறேன். இதே அளவு வீட்டை மேடவாக்கம் தாண்டிப் போய் வாங்க நினைத்தாலும் 50 லட்சமாவது கடன் வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு, மாதம் 43,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதற்கு முன்னால் கையிலிருந்து போட வேண்டிய பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்கு எங்கே போவது? பத்திரச் செலவு வேறு.

சரி, வாடகை வீட்டிலாவது மரியாதையாக இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டு-லெட் போர்டைப் பார்த்து போன் செய்தால் முதல் கேள்வியே "ஃபேமிலியா, பேச்சிலரா?" அடுத்தது "சைவமா?" அப்புறம் சொந்த ஊர், குலதெய்வம் என்று சுற்றி வளைத்துச் சாதிக்கு வந்து நிற்பார்கள்.

இதையும் தாண்டினால் அட்வான்ஸ். 2017-இல் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் போட்டார்கள், 2019-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று அதே பிரிவில் ஓட்டையும் போட்டுவைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வான், வீடு கிடைக்காமல் அலைகிறவன்? ஓனர் நீட்டுகிற பதினொரு மாத அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டு, ஆறு மாதமோ பத்து மாதமோ கேட்டதைக் கொடுப்பான். அது வட்டியில்லாமல் அவரிடம் கிடக்கும்.

காலி செய்யும்போது அதிலும் கை வைப்பார்கள். போன வீட்டில் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார் ஓனர். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கக்கூட என்னை விடாத மனிதர் அவர்! கரண்ட் விஷயத்தில் இன்னும் அநியாயம். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அவரோ சப்மீட்டர் போட்டு முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய் வாங்கினார். கேட்டால், "பிடிக்கவில்லை என்றால் காலி பண்ணுப்பா." உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "இன்னும் வாடகை வீடுதானா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார்கள். நான் யாரிடமும் கடன் வைக்கவில்லை, மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வாடகை போய்விடுகிறது. இதில் நான் எதற்குத் தலைகுனிய வேண்டும்?

எனக்கு வீடு வாங்கச் சொல்லிப் புத்தி சொல்கிறவர்கள், முதலில் சட்டத்தில் இருக்கும் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.