கம்பளம் தேடிப் போகாதீர்கள்

உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள் எழுதுவதில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "படத்துல பார்த்த மாதிரி பூவே இல்லை, ஏமாந்துட்டோம்." போன ஆகஸ்டில், பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் மலைக்கிராமமான காங்கரியாவில் நாங்கள் தங்கிய விடுதியிலும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான். எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி, "மூணு மணி நேரம் நடந்தேண்ணா, எல்லாம் பச்சையாத்தான் கிடக்கு" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. அதே நாள், அதே பாதையில்தான் நானும் போயிருந்தேன். பார்த்ததைக் குறித்துவைக்க எனக்கு நோட்டில் பக்கம் போதவில்லை.

அந்தத் தம்பி தேடியது கம்பளத்தை. மலைச்சரிவு முழுக்க ஒரே நிறத்தில் விரித்துப்போட்ட மாதிரிப் படங்கள் வருகின்றனவே, அதை. அப்படி விரிய வேண்டுமானால் ஒரே செடி எங்கும் பரவி மற்றதையெல்லாம் அமுக்கியாக வேண்டும். அங்கே அப்படி ஒரு செடி இருக்கவும் செய்கிறது. பாலிகோனம் என்பார்கள். ஆள் உயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாக வெள்ளையாய்ப் பூக்கும். அதன் நிழலில் சின்னச் செடி எதுவும் தலையெடுக்க முடியாது. வனத்துறை அதை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. 1982-ல் தேசியப் பூங்காவாக அறிவித்து மேய்ச்சலை நிறுத்தியதால்தான் அது பரவியது என்பவர்கள் உண்டு. மண் சரிந்த இடங்களில்தான் அது வேர்பிடிக்கிறது என்பவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடு மேய்த்த குடும்பங்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அவர்களைவிட அந்தப் புல்வெளியை அறிந்தவர்கள் யார்?

87 சதுர கிலோமீட்டருக்குள் 500-க்கும் மேற்பட்ட பூக்கும் செடியினங்கள். பனி விலகியதிலிருந்து மறுபடி குளிர் இறுகும்வரை சில மாதங்கள்தான் கெடு. முளைத்து, பூத்து, விதை போட்டு முடித்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் தன் முறைக்குப் பூக்கிறது. ஜூனில் வந்தவர் பார்த்த பிரிமுலாவை ஆகஸ்டில் வருபவர் பார்க்க முடியாது. நான் போனபோது காசித்தும்பையின் முறை. நம் வீட்டு வாசலில் வளர்க்கிறோமே, அதற்குச் சொந்தக்காரச் செடிதான். ஆனால் இடுப்புக்கு மேல் நிற்கிறது. முற்றிய காயைத் தொட்டதும் நம் ஊர்க் காயைப் போலவே பட்டென்று வெடித்துச் சுருண்டது. சின்ன வயசில் இதை விளையாட்டாகச் செய்தது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பாறை ஓரமாக ஒதுங்கினேன். முகத்துக்கு நேரே ஊதா நிற ஜெரேனியம் ஒன்று கவிழ்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு வண்டு. தேனீக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த தடித்த வகை. ஆறு காலாலும் பூவைக் கட்டிக்கொண்டு செத்ததுபோல் தொங்கியது. மயிர் நனைந்து திரி திரியாக ஒட்டியிருந்தது. மழை விட்டு வெளிச்சம் வந்ததும் வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கத் தொடங்கியது. இறக்கையை விரிக்காமலேயே பறக்கும் தசையை நடுக்கி உடம்பில் சூடேற்றிக்கொள்ளும் இனம் அது. அந்தச் சூடு வராமல் பறக்க முடியாது. சில நிமிடம் கழித்து, ஒரு உதறு உதறிக் கிளம்பிப் போனது. அன்றைய நடையில் எனக்குக் கிடைத்த பெரிய காட்சி இதுதான். இதைப் பார்க்க நான் செய்ததெல்லாம் மழைக்கு ஒதுங்கியதுதான்.

உள்ளே ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. 1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி பிராங்க் ஸ்மைத் வழி தவறி இறங்கியதால்தான் இந்த இடம் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதன்பின் செடிகளைச் சேகரிக்க வந்தவர் லெக். 1939-ல் சரிவில் சறுக்கி விழுந்து இறந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், இத்தனை தூரம் வந்தது செடி பார்க்க. அந்தக் கல்லின் பக்கத்தில் நிற்கும்போது, இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

மறுநாள், பக்கத்தில் சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்டுக்குப் போகும் ஏற்றத்தில், கற்களுக்கு நடுவே பிரம்ம கமலம் பார்த்தேன். நம் பக்கம் அந்தப் பெயரில் ராத்திரியில் பூக்கிறதே, அது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி. இது முற்றிலும் வேறு. வெளுத்த பச்சையில் எண்ணெய்த்தாள் மாதிரி மடல்கள், அதற்குள் பொதிந்து கருஊதாப் பூங்கொத்து. குளிரும் மழையும் தாக்காமல் அந்த மடல்தான் காக்கிறது. கொஞ்சம் தள்ளி நீல பாப்பி. இதழ் தொட்டால் கரைந்துவிடும் போல மெல்லிசு, தண்டெல்லாம் முள்.

பள்ளத்தாக்குக்குள்ளே கூடாரம் போட அனுமதி கிடையாது, பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும். இதைக் குறைசொல்லாதவர்கள் குறைவு. எனக்கு அந்த விதி ரொம்பச் சரி என்று படுகிறது. கூடாரம் போட்ட இடத்தில் அடுத்த ஆண்டு என்ன முளைக்கும்? ஒரு நாள் போதவில்லை என்றால் இன்னொரு நாள் போங்கள். நான் மூன்றாம் நாள் மறுபடி போனேன். படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கிச் செடியை மிதிப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சும்மா கடந்து போகாதீர்கள்.

அந்த மூன்றாம் நாளில்தான் பைக்கா வந்தது. எலி அளவு, வட்டக் காது, வால் வெளியே தெரியாது, ஆனால் முயலுக்கு உறவு. குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்காமல் அந்தப் பாறைச் சந்துகளிலேயே நடமாடிப் பிழைக்கிற உயிர். சரி, கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று கல்லில் உட்கார்ந்தேன். வெளியே வந்து ஒரு இலையைக் கடித்து, வாயில் குறுக்காக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பின்னால் வந்த கும்பல் என்னைத் தாண்டி நடந்தது. "மேலே பூ இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கால் பக்கத்தைக் காட்டினேன். அவர் குனிந்தார்.