தனித்து நிற்கும் மின்வலை யாருடைய இறைமையைக் காத்தது?

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு நடந்தது தெரியும். இந்தியாவின் மின்வலையையும் இலங்கையின் மின்வலையையும் கடலடி கேபிளால் இணைக்கும் திட்டத்தைப் பற்றி நான் வாய் திறந்ததுமே, "யாழ்ப்பாணத்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்று ஒருவர் பேச்சை முடித்துவைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். தீவின் மின்வலை தனித்து நிற்பது நம்மைக் காக்கவில்லை. இதுவரை ஒருமுறைகூடக் காக்கவில்லை.

2025 பெப்ரவரி 9ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதாக அமைச்சரே சொன்னார். நாடு முழுவதும் மின்சாரம் போனது. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினோம். அன்று ஞாயிறு முற்பகல். மின் தேவை குறைவு, கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரம் அதிகம், சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு. வலையின் தாளமான அதிர்வெண் சரிந்தபோது கைகொடுக்கப் பக்கத்தில் இன்னொரு வலை இல்லை. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அடுத்த நாட்களில் மின்வெட்டு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்ததும் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்திவைக்குமாறு கேட்டார்கள். குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. மிஞ்சியதை அனுப்பவாவது ஒரு வழி வேண்டாமா?

"இந்திய வலை விழுந்தால் நம்முடையதும் விழும்" என்றார் இன்னொருவர். இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. திட்டமிடப்படுவது உயர் அழுத்த நேரோட்ட (DC) இணைப்பு; அதில் இரண்டு வலைகளும் ஒரே தாளத்தில் ஓடவேண்டியதில்லை. இந்தக் கரையில் ஆடலோட்டம் (AC) நேரோட்டமாக மாறிக் கடலடி கேபிளில் போய், அந்தக் கரையில் மீண்டும் ஆடலோட்டமாகிறது. எவ்வளவு மின்சாரம், எந்தத் திசையில் என்பதைக் கட்டுப்பாட்டு அறை தீர்மானிக்கிறது. அங்கே ஏற்படும் அதிர்வெண் குலைவு அப்படியே இங்கே பாயாது. ஸ்வீடன் 1954இலேயே கோட்லாந்து தீவுக்கு 20 மெகாவாட்டை இப்படிக் கொண்டுபோனது. நியூசிலாந்தின் இரண்டு தீவுகள் 1965இலிருந்து இப்படித்தான் இணைந்திருக்கின்றன.

கேபிள் பழுதானால்? நியாயமான கேள்வி. தாஸ்மேனியா தீவை ஆஸ்திரேலியப் பெருநிலத்தோடு இணைக்கும் பாஸ்லிங்க் கடலடி கேபிள் 2015 டிசம்பரில் பழுதாகி 2016 ஜூனில்தான் சரியானது. அதுவும் வறட்சிக் காலம், அணைகளில் நீர் இல்லை, டீசல் இயந்திரங்களை இறக்கினார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் தனித்திருக்க முடிவெடுக்கவில்லை. இரண்டாவது கேபிளைத் திட்டமிட்டார்கள். சொந்த உற்பத்தியைக் கைவிடச் சொல்லி நானும் எங்கும் எழுதவில்லை.

இந்தியா மின்சாரத்தை நிறுத்தி மிரட்டும் என்பதற்கு வங்கதேசத்தைக் காட்டுவீர்கள். 2024இல் நிலுவைக்காக இந்திய நிறுவனமான அதானி பாதியாகக் குறைத்தது ஒரு தனியார் அனல்மின் நிலையத்தின் மின்சாரத்தை. அதே நாட்டின் பேராமாராவில் 2013இலிருந்து இந்தியாவோடு ஒரு நேரோட்ட இணைப்பு இயங்குகிறது. அதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

யாழ்ப்பாணத்தவன் என்பதால் பேசுகிறேன் என்கிறீர்கள். ஆம், அதனால்தான் பேசுகிறேன். தனித்த மின்வலை என்றால் என்ன என்று இந்த நாட்டில் எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். பிறகு மின்சாரம் வந்தபோதும் குடாநாடு தேசிய வலையோடு சேரவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் போகும்வரை டீசல்தான். அந்த டீசல் மின் நிலையம் இருந்த சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியதும், என் பெரியம்மா வீட்டில் குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2022இல் கொழும்பில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது நாடே கொதித்தது. கொதித்ததில் பிழையில்லை. எங்கள் இருட்டுக்கு அந்தக் கொதிப்பு எங்கே போயிருந்தது? இதைக் கேட்டால் "இனவாதம்" என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்தியா மீதான ஐயம் எனக்கும் உண்டு. இந்த இணைப்புக்காக 2025 ஏப்ரல் 5 அன்று கையெழுத்தான புரிந்துணர்வு உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் மக்கள் முன் வையுங்கள். ஓர் அலகு என்ன விலை, யார் தீர்மானிப்பது, தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது? கேபிள் கரையேறும் இடமாக மன்னார் பேசப்படுகிறது. காற்றாலைகளுக்கு எதிராக மாதக்கணக்கில் தெருவில் நின்ற அந்த மக்களிடம், இந்தமுறையாவது காணி அளக்கப் போவதற்கு முன்பு போய்ப் பேசுங்கள்.