உறுப்புரை 14 யாருக்கு?

"யாழ்ப்பாணத்தில பேச வாற வெளிநாட்டவருக்கு விசா மறுத்தால், இலங்கை அரசியலமைப்பின் உறுப்புரை 14ஐக் காட்டி அவரே உயர் நீதிமன்றம் போகலாம். அமெரிக்காவில இப்பிடித் தடுக்கவே ஏலாது" என்று மேல எழுதியிருக்கிறீங்கள் தம்பி. ரெண்டுமே பிழை.

14(1)(அ) தாற பேச்சுரிமை இலங்கைப் பிரசைகளுக்கானது. கடவுச்சீட்டு மாறின எங்கட ஆக்களும் இதில வெளிநாட்டவர்தான். நோர்வேப் பிரசையான கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனை 2013இல், சுற்றுலா விசா நிபந்தனையை மீறினார் என்று கைதுசெய்து நாடு கடத்தினதை மறந்துபோனீங்களோ? பிறந்த மண் என்ற நியாயம் குடிவரவுத் திணைக்களத்தில எடுபடாது.

அதுக்காக வெளிநாட்டவர் முழுக்க நிராதரவு இல்லை. சட்டத்தின் முன் சமத்துவம், 12(1), எல்லாருக்கும் உண்டு. புத்தரைப் பச்சை குத்தியிருந்ததால் 2014இல் பிடித்து அனுப்பப்பட்ட பிரித்தானியப் பெண், 2017இல் இதே உயர் நீதிமன்றத்தில வென்று நட்டஈடு பெற்றவ.

அமெரிக்காவிலயும் தடுத்திருக்கினம். பெல்ஜிய மார்க்சியர் எர்னஸ்ட் மண்டேலுக்கு விசா மறுத்தபோது, அவரின்ர பேச்சைக் கேட்க விரும்பின பேராசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். கேட்கிறவருக்கும் உரிமை இருக்கு என்று ஒத்துக்கொண்ட அமெரிக்க உயர் நீதிமன்றம், 1972இல் 6க்கு 3 நீதியரசர்கள் என்ற பெரும்பான்மையில அரசின் பக்கமே தீர்த்தது.

எங்கட நாட்டிலயும் கேட்கிறவர் பக்கம்தான் பிடி இருக்கு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கல்வி நிகழ்ச்சியொன்றை இடையில நிறுத்தினதுக்கு எதிராக, அதில பங்குபற்றின நேயர் ஒருவர் தன்ர பேச்சுரிமை மீறப்பட்டது என்று வழக்குப் போட்டு 1996இல் வென்றிருக்கிறார். ஆகவே மனுப் போடுறதென்றால், கூட்டத்துக்கு அழைத்த பிரசைகள் தங்கட பெயரில போடட்டும். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள்ள போடவேணும், அதையும் கவனியுங்கோ.