ஹார்ன் வாசிக்கிற நேரத்துல கடன் வேணுமாம்

யோவ், விளம்பரத்த எந்த இடத்துல சொருகணும்னு முடிவு பண்றவன் எவன்யா? அவனுக்கு காதுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

வருஷத்துக்கு ஒரு நாள் கேக்குறேன். ஜனவரி 1, வியன்னா பில்ஹார்மோனிக்ங்கிற வாத்தியக்குழுவோட புத்தாண்டு கச்சேரி. நேர்ல போகணும்னா குலுக்கல்ல டிக்கெட் விழணும், அந்த யோகம்லாம் நம்ம ஜாதகத்துல கிடையாது. சரி, வேலையெல்லாம் முடிச்சு, ராத்திரி ஹால்ல லைட்ட அணைச்சிட்டு டிவில ஒரு வீடியோ ஆப்ல பதிவ போட்டு உக்காந்தேன். போல்காங்கிற துள்ளல் நடன இசை நடுவுல வந்த விளம்பரத்தக் கூட மன்னிச்சு விட்டுட்டேன்.

கச்சேரி முடியப் போற நேரத்துல ப்ளூ டான்யூப்ங்கிற வால்ட்ஸ் நடன இசை. தெரியும்ல, ஆரம்பத்துல வயலினெல்லாம் சும்மா நடுங்கிட்டே இருக்கும், கொசு பறந்தா அது இதவிட சத்தமா கேக்கும். அதனால 18ல இருந்த சவுண்ட 41க்கு ஏத்துனேன். ரெண்டு வரி வாசிச்சதும் வழக்கம்போல கூட்டம் கைதட்டி நிறுத்துது, கண்டக்டர், அதான் குழுவ கையசைச்சு நடத்துறவரு, திரும்பி புத்தாண்டு வாழ்த்து சொல்றாரு. அம்மா எட்டிப் பாத்து "என்னடா, பாதில மறந்துட்டாங்களா?"ன்னாங்க. இல்லம்மா, அது சம்பிரதாயம், மறுபடி மொதல்லேருந்து வாசிப்பாங்க பாருன்னேன் பெரிய வித்வான் மாதிரி. வயலின் திரும்ப நடுங்குது, ஹார்ன்ங்கிற ஊதுற வாத்தியம் மெதுவா எழுந்திரிக்குது, மூச்ச புடிச்சிட்டு உக்காந்திருக்கேன்...

"அவசரமா பணம் தேவையாஆஆ?"

41ல! ஜன்னல் கண்ணாடி அதிருது. உள்ள தூங்கிட்டிருந்த தாத்தா "யாருடா அது, கடன்காரனா?"ன்னு வேட்டிய புடிச்சிட்டு ஓடி வர்றாரு. மணி எத்தனைன்னு பாத்து அவருக்கு வேற பதில் சொல்லணும். அஞ்சு செகண்ட் எண்ணி எண்ணி தாண்டி உள்ள வந்தா ஹார்ன் பாதிலேருந்து தொடருது, அந்த மயக்கமே போயே போச்சு. சரின்னு பின்னாடி தள்ளுனேன் பாருங்க, அதுக்கு தண்டனையா இன்னொரு விளம்பரம். அதே ஆளு, அதே பல்லு, அதே பணம். திரும்ப தள்ளுனேன், திரும்ப பல்லு.

வியன்னாக்காரனே ஒரு தடவதான்யா குறுக்க கைதட்டுவான்! 2021ல கொரோனாவுல ஆளே இல்லாத ஹால்ல கண்டக்டர் ரிக்கார்டோ முத்தி இதே கச்சேரிய நடத்துனாரே, அந்த காலி நாற்காலிகளுக்கு இருந்த நாகரிகம் கூட இந்த வீடியோ ஆப்புக்கு கிடையாது.

கூட்டமே சேர்ந்து கைதட்டுற கடைசி உருப்படி, ராடெட்ஸ்கி மார்ச் வந்தப்போ தாத்தாவே தாளத்துக்கு கைதட்ட ஆரம்பிச்சிட்டாரு, அவரு பாட்டுக்கு தனி ஆவர்த்தனம். நானும் சிரிச்சிட்டேன், வேற என்ன பண்றது. சவுண்ட குறைக்கலாம்னு ரிமோட்ட அமுக்குனா அசையல. பேட்டரி இல்ல. சுவர் கடிகாரத்துக்கு எடுத்து போட்டுட்டாங்களாம். அந்த கடிகாரம் இன்னமும் இருபது நிமிஷம் பின்னாடிதான் ஓடுது, அத கேக்க இந்த வீட்ல ஒரு நாதி இல்ல.